குமரித் தந்தை மார்ஷல் நேசமணி

வாளெடுத்து நாடு பிடித்த மன்னர் பலரின் வரலாற்றை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். வாளும் இன்றி, படையும் இன்றி, சட்டத்தையும் மக்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு நான்கு தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்த்த ஒரு வழக்கறிஞரின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து இங்கே பயிலும் தோழர்களுக்கு அவர் பெயர் தொட்டிலிலேயே கேட்ட பெயர். மற்ற நமக்கோ, அது ஏதோ ஒரு சிலைக்கு அடியில் பொறித்திருக்கும் பெயர். அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கவே இக்கட்டுரை.

அவர்தாம் குமரித் தந்தை என்று போற்றப்படும் மார்ஷல் நேசமணி அவர்கள். மார்ஷல் என்பது படைத்தலைவர்க்கு உரிய பட்டம். அவர் எந்தப் படையிலும் பணியாற்றியவர் அல்லர்; மக்கள் அன்பினால் சூட்டிய பெயர் அது. சூட்டிய பெயர் இயற்பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது.

பிறப்பும் சூழலும்

1895-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்துப் பள்ளியாடியிலே நேசமணி பிறந்தார். அன்று அந்த மண் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. தலைநகர் திருவனந்தபுரம், ஆட்சியின் மொழி மலையாளம், தென்கோடியிலே வாழ்ந்த மக்களின் மொழியோ தமிழ். நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் அரசின் களஞ்சியத்தை நிரப்பின. ஆனால் அந்த வயல்களை உழுதவனுக்கும், பனையேறிப் பாடுபட்டவனுக்கும் அரசின் அலுவலகத்திலே மரியாதை இல்லை.

மொழியால் மட்டும் வந்த தாழ்வன்று அது. பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணிவதற்கே போராட வேண்டியிருந்த நாடு அது. நாடார் குலப் பெண்களுக்கு அவ்வுரிமையை ஒப்புக்கொண்டு அரசு ஆணையிட்டது 1859-இல்தான். நேசமணி பிறப்பதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த செய்தி. அவருடைய பாட்டன் பாட்டி தலைமுறை கண்ணால் கண்ட செய்தி. சாதி என்னும் சுவர் ஒருபுறம், மொழி என்னும் சுவர் மறுபுறம். இவ்விரு சுவர்களுக்கும் இடையே பிறந்த பிள்ளை, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று சட்டம் முடித்து, 1921-இல் நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞராக வந்தார்.

முக்காலியும் நாற்காலியும்

அவர் வாழ்க்கையின் திறவுகோல் என நான் கருதும் நிகழ்ச்சி அந்த நீதிமன்றத்திலே நடந்தது. குமரி மாவட்டத்து மக்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வர். உயர்ந்த சாதியார் எனப்பட்ட வழக்கறிஞர்கள் அமர நாற்காலி. மற்றைய வழக்கறிஞர்களுக்கு முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலி. இதுவே அங்கு வழக்கம். இருவரும் படித்தது ஒரே சட்டம். இருவரும் அணிந்தது ஒரே கறுப்பு அங்கி. அமரும் பலகை மட்டும் வேறு! முதல் நாளே நேசமணி அந்த முக்காலிகளைத் தூக்கி எறிந்தார் என்றும், அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது என்றும் கூறுவர்.

இதை வெறும் ஆத்திரம் என்று எண்ணுதல் பிழை. அமரும் இடம் தாழ்ந்தால் பேசும் பேச்சும் தாழ்ந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். முக்காலியில் இருப்பவன் எத்துணைச் சிறந்த வாதத்தை எடுத்துரைத்தாலும், அவன் எதையோ இரந்து கேட்பதாகவே மன்றத்துக்குத் தோன்றும். நாற்காலியில் இருப்பவனே உரிமையைக் கேட்க முடியும். பின்னாளில் அவர் நடத்திய எல்லைப் போராட்டம் முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவே எனலாம்.

முக்காலியை எறிந்த அவரையே பிற்காலத்தில் நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கம் தன் தலைவராக ஏற்றது. நகராட்சித் தலைவராகவும் அமர்ந்தார். திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். இவ்வளவும் அவருடைய போராட்டத்துக்கு முன்னுரை மட்டுமே.

கட்சியும் தலைமையும்

1945-ஆம் ஆண்டு டிசம்பரிலே, நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலியோர் கூடித் தமிழர்க்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1946-இல் அது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் நேசமணி அதிலே சேர்ந்தார். அவர் வந்தபின் சிறு குழு மக்கள் இயக்கமாயிற்று. பி. எஸ். மணி, தாணுலிங்க நாடார், இராமசாமிப் பிள்ளை, அப்துல் ரசாக், குஞ்சன் நாடார், சிதம்பரநாதன் எனப் பலர் அதில் தோள் கொடுத்தனர். இப்பெயர்களைக் கூர்ந்து நோக்குக. ஒரே சாதியல்ல, ஒரே சமயமுமல்ல.

1948-இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்து திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. அத்தேர்தலில் இக்கட்சி தமிழ்ப் பகுதிகளில் பெருவெற்றி கண்டது. ஆனால் அந்த வெற்றியின் மீது குருதி தெளித்திருந்தது. தேர்தலை ஒட்டி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலே மாங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் உயிர் நீத்தனர். எல்லைப் போராட்டத்தின் முதற்பலி அவர்களே.

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே இராஜ்யமாக இணைந்தன. மலையாளம் பேசுவோர் தொகை பெருகியது. சட்டமன்றத்தில் தமிழர் பங்கு சுருங்கியது. இனி என்ன செய்வது? இங்கேதான் நேசமணியின் இயக்கம் அரசியல் நுட்பத்தைக் காட்டியது. 1952 பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றார். அவர் கட்சியினர் எண்மர் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்தனர். எட்டுப் பேர்தான்! ஆயினும் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அவையிலே எட்டு என்பது சிறிய எண்ணன்று. அவர்கள் தந்த ஆதரவால் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை நின்றது. 1953-இல் அவர்கள் ஆதரவை விலக்கியதும் அது வீழ்ந்தது. 1954 தேர்தலில் எட்டு பன்னிரண்டாயிற்று. சிறுபான்மையோர் ஒன்றுபட்டு நின்றால் தராசின் முள்ளாக நிற்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1954: ஆகஸ்ட்டுத் திங்கள்

இயக்கம் கேட்டது தெற்கே உள்ள நான்கு தாலுகாக்களை மட்டுமன்று. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என ஒன்பது தாலுகாக்கள். மலைமேல் தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த தமிழர்கள் அந்நாளில் கடும் அடக்குமுறைக்கு ஆளாயினர். அவர்களுக்குத் துணையாக நேசமணி மூணாறு சென்று, தடையுத்தரவை மீறிக் கைதானார். நாகர்கோவிலில் வசதியாக வழக்காடிக்கொண்டிருக்கலாம். பாராளுமன்ற உறுப்பினர் என்ற பெருமையோடு டில்லியிலே அமர்ந்திருக்கலாம். ஆனால் தமக்கு வாக்களிக்காத, தம் ஊரைக் கண்டிராத கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்காக அவர் மலையேறிச் சிறை சென்றார். தலைவன் என்பவன் யார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

1954 ஆகஸ்ட்டு 11-ஆம் நாள் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஊர் தோறும் மக்கள் திரண்டனர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டனர். மாண்டவர்கள் பெரும்பாலும் ஏழை எளியோர். சட்டமன்றத்தின் வாசலைக்கூட மிதித்தறியாதவர்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் தலைமையில் அமைந்த பிரஜா சோஷலிஸ்டு அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த டாக்டர் லோகியா, மக்களைச் சுட்ட அமைச்சரவை தம் கட்சியினதே ஆயினும் பதவி விலக வேண்டும் என்று கோரினார். அமைச்சரவை விலகவில்லை, அந்தப் பூசல் அக்கட்சியையே பிளந்தது. குமரிமுனைக்கு அருகே சிறு ஊர்களில் வெடித்த குண்டுகளின் ஓசை இந்தியா முழுவதும் எதிரொலித்தது. 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவையும் கவிழ்ந்தது.

ஒரே அளவுகோல்

மத்திய அரசு 1953 டிசம்பரிலே பசல் அலி தலைமையில் இராஜ்யப் புனரமைப்புக் குழுவை அமைத்திருந்தது. 1955 செப்டம்பர் 30-ஆம் நாள் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை இராஜ்யத்துக்குச் செல்லலாம் என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றது. 1956 நவம்பர் முதல் நாள் முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

தோழர்களே, இங்கே என் குடும்பக் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் பூர்வீகம் கோபிநத்தம். மாதேசுவரன் மலைக்குக் கீழே, காவிரியின் அருகே, காட்டுக்குள் இருக்கும் சிற்றூர். ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் கேட்பவர் முகம் மாறும். வீரப்பன் பிறந்த ஊரல்லவா என்பர். எங்கள் ஊருக்கு வேறொரு வரலாறும் உண்டு. கொள்ளேகாலம் தாலுகா அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில், சென்னை இராஜ்யத்தில் இருந்தது. குமரி தமிழகத்தோடு சேர்ந்த அதே 1956 நவம்பர் முதல் நாள், அத்தாலுகா மைசூர் இராஜ்யத்துக்கு மாறியது. என் பாட்டனார் அன்று சிறுவர். சென்னை இராஜ்யத்தில் உறங்கியவர் மைசூர் இராஜ்யத்திலே கண் விழித்தார். கேழ்வரகுக் கொல்லை நகரவில்லை. மாரியம்மன் கோயில் நகரவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது மாவட்டமும் மாறியது. வேலை தேடி என் தந்தையார் மைசூர் நகரத்துக்கு வந்தார்.

ஒரே நாளில் தென்கோடித் தமிழனுக்கு விழா; எங்களுக்கோ புது மொழியில் பத்திரமும் பட்டாவும்! இது அநீதி என்று சிறுவயதில் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் பௌதிகம் பயிலும் மாணவன். ஓர் அளவுகோலைக் கையில் எடுத்தால் எல்லாப் பொருளையும் அதனாலேயே அளக்க வேண்டும். நமக்குப் பிடித்த விடை வரும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் முதற்பாடம். நேசமணி முன்வைத்த அளவுகோல் யாது? தாலுகாவை ஓர் அலகாகக் கொள். அங்கே பெரும்பாலோர் பேசும் மொழியைப் பார். அதன்படி எல்லையைக் கீறு என்பதே. அந்தக் கோலால் அளந்தால் தோவாளையும் கல்குளமும் தமிழகத்துக்கு உரியவை. அதே கோலால் அளந்தால், கன்னடம் பேசுவோர் மிகுந்த கொள்ளேகாலம் மைசூருக்கு உரியதே. தாலுகாவின் ஓரத்துக் காட்டூர் தமிழூர் என்பது அந்தக் கணக்கில் ஏறாது. குமரி இணைந்ததை நான் கொண்டாடுவேனாயின், கொள்ளேகாலம் பிரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோல் வளைக்கப்பட்ட இடம் வேறு. தேவிகுளத்திலே தமிழ் பேசுவோர் பெரும்பான்மையராக இருந்தும், அவர்கள் தோட்டத் தொழிலுக்காக வந்து குடியேறியவர்கள் என்பதும், அந்நிலத்தின் பொருளாதாரப் பயனும் காரணமாகக் காட்டப்பட்டன. உழைக்க வந்தவன் உரிமைக்கு உரியவன் அல்லனோ? இக்கேள்வி நேசமணியின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்திருக்கும். பிழைக்க வந்த இடத்திலே வாழும் நம் ஒவ்வொருவரையும் இக்கேள்வி இன்றும் தொடுகிறது.

கோடு கீறிவிட்டால் துன்பம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. நெய்யாறு கேரளத்தில் தங்கியது; அதன் இடதுகரைக் கால்வாயின் கடைப்பகுதி விளவங்கோட்டில் இருக்கிறது. 2004-இல் அக்கால்வாயில் தமிழகத்துக்கு வந்த நீர் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காவிரியின் பெயரால் 1991 டிசம்பரில் கருநாடகத் தமிழர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, எல்லைக் கோடு ஆற்றைக் குறுக்கிடும்போது என்ன நேரும் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பணி முடிந்த கட்சி

குறிக்கோள் நிறைவேறியபின் நேசமணியும் தோழர்களும் செய்த செயல் அரசியல் உலகில் அரியது. தங்கள் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துக் கலைத்துவிட்டனர். வென்ற கட்சியை யார் கலைப்பார்? பெயரும் கொடியும் தொண்டரும் இருக்க, புதிய குறையொன்றைக் கண்டுபிடித்தாவது கட்சியை வாழவைப்பதன்றோ வழக்கம்! எந்தப் பணிக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பணி முடிந்ததும், கட்டட வேலை முடிந்தபின் சாரத்தைப் பிரிப்பதுபோல் அதைப் பிரித்து வைத்தனர்.

அவ்வியக்கத்தில் பிணக்கே இல்லை என்று நான் கூறவில்லை. நடுவிலே தலைவர்களிடையே பிளவுகள் நேர்ந்தன. சாதி வேறுபாடும் தலைகாட்டியது. எல்லாத் தமிழரும் ஒரே மனத்தினராய் நின்றனர் என்பது வரலாறன்று. ஆயினும் அத்தனைப் பிணக்கையும் கடந்து செயல் முடிந்தது என்பதிலேதான் தலைமையின் திறம் விளங்குகிறது.

1957-இல் நேசமணி கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குச் சென்றார். திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் உரிமை கேட்டு நின்றவர், தமிழகச் சட்டமன்றத்தில் உரிமையோடு அமர்ந்தார். 1962-இலும் 1967-இலும் நாகர்கோவில் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1967-இல் தமிழகமெங்கும் காங்கிரஸ் சாய்ந்த சூறாவளியிலும் அவர் சாயவில்லை. 1968 ஜூன் முதல் நாள், எழுபத்துமூன்றாம் பிறந்த நாளுக்குப் பதினொரு நாட்களே இருக்கையில், மறைந்தார். அவர் விட்டுச் சென்ற தொகுதியில்தான் 1969-இல் பெருந்தலைவர் காமராசர் நின்று வென்றார்.

நமக்கு என்ன?

நேசமணியின் வழியைப் பின்பற்றுவதென்றால் இங்கேயும் ஓர் எல்லைக் கிளர்ச்சி செய்வதன்று. அந்தக் கணக்கு 1956-இல் முடிந்தது. கன்னட நாடு நமக்கு உணவும் கல்வியும் தந்திருக்கிறது; கன்னடத்தை நன்கு கற்பதும் மதிப்பதும் நம் கடமை. நேசமணி மலையாள மொழியைப் பகைத்தவர் அல்லர். அம்மொழி வழங்கிய நீதிமன்றத்திலேயே வழக்காடி உயர்ந்தவர். அவர் பகைத்தது முக்காலியை.

நாம் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. கோடுகள் மாறிய அதே 1956-இல், ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பிலே 350-அ, 350-ஆ என்னும் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வோர் இராஜ்யமும் வசதி செய்ய முயல வேண்டும் என்பது முன்னது. அவர்தம் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிப்பது பின்னது. கோட்டின் எப்புறம் விழுந்தாலும் தமிழன் தமிழனாகவும், கன்னடன் கன்னடனாகவும் கற்கலாம் என்பதே இதன் பொருள். தாளவாடியிலே கன்னடக் குழந்தைக்கும், கோபிநத்தத்திலே தமிழ்க் குழந்தைக்கும் இந்தச் சட்டம் ஒன்றே.

என் தந்தையார் தமிழ் எழுத்தைக் கற்றது பள்ளியில் அன்று; மேட்டூருக்குப் போகும் பேருந்தின் பலகையிலும் பழைய பஞ்சாங்கத்திலும். எனக்கு அ, ஆ எழுதக் காட்டியவர் என் பாட்டியார். அடுத்த தலைமுறைக்குப் பாட்டியார் இருப்பாரோ, மாட்டாரோ! ஆகவே சட்டம் தந்த உரிமையை அறிந்து, மனு எழுதத் தெரிந்தவர் எழுதி, பாடம் சொல்லத் தெரிந்தவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்து, நம் மன்றம் அந்தப் பணியை ஏற்க வேண்டும். மன்றம் என்பது பொங்கலுக்கு ஒருமுறை கூடிக் கலைவதற்கு மட்டுமா?

நேசமணி அவர்கட்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் உண்டு. மார்த்தாண்டத்தில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி உண்டு. மைசூரிலே அவருக்குச் சிலை வேண்டியதில்லை. முக்காலியைக் கொடுத்தால் மறுப்பது, நாற்காலியைக் கேட்டுப் பெறுவது, பெற்றபின் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒரு நாற்காலி கேட்பது: இம்மூன்றையும் நாம் செய்தாற் போதும்.

வாழ்க குமரித் தந்தையின் புகழ்!